மூன்று கம்ப்யூட்டரும் என் தங்கையின் குரலும்

கொரட்டூரில் ஒரு சின்ன கண் ஆஸ்பத்திரி. முன்னறையில் கவுண்டர். அங்கே டோக்கன் கொடுத்து, முறை வரும்போது கூப்பிட்டு உள்ளே அனுப்புகிற வேலை என் தங்கைக்கு. அவள் கூப்பிடுவதற்கு மைக் தேவைப்பட்டதே இல்லை. டோக்கன் வாங்கியவர்களில் பாதிப் பேர் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்க டீக்கடையில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். "பதினாலு! டீய அப்பால குடிக்கலாம், வா நைனா!" என்று இங்கிருந்து குரல் போனால் அங்கே கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடி வருவார்கள். பஸ் போனாலும் லாரி போனாலும் அந்தக் குரலுக்கு முன்னால் ஒன்றும் நிற்காது. சின்ன வயதில் நூம்பலில் எங்கள் வீட்டிலிருந்து அவள் போடும் சத்தம் ஏரிக்கரை வரைக்கும் கேட்கும். இதை நான் கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்பவர்கள் அவளிடம் ஒரு தடவையாவது திட்டு வாங்கியிருக்க வேண்டும்.

அந்தக் குரல்வளையில்தான் கட்டி வந்தது. கட்டியோடு குரல்வளையையும் எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தாள். கழுத்தில் மூச்சு விட ஒரு துளை, அதன் மேல் எப்போதும் ஒரு மெல்லிய துணி. பேச்சு போயே போய்விட்டது.

உடம்பு தேறியதும் வேலைக்குத் திரும்பிப் போனாள். டாக்டரம்மா நல்ல மனுஷி. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கவுண்டரில் உட்காருகிறவள் கூப்பிட்டாக வேண்டுமே. பின்னறையில் ஃபைல் எடுத்து அடுக்குகிற வேலையைக் கொடுத்தார்கள். கவுண்டரில் ஒரு நர்ஸ் உட்கார்ந்து தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தாள். என் தங்கை அந்த ஃபைல் அறையிலிருந்து எனக்குப் போனில் தட்டி அனுப்பிய செய்தி இன்னும் என்னிடம் இருக்கிறது. "இங்க தலைக்கு மேல சுத்துற காத்தாடி மட்டும்தான் என்னாண்ட பேசுது."

எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கிற உத்தியோகம். கெட்டிக்காரன் என்று பெயர், முன்கோபி என்றும் பெயர். இரண்டாவதுதான் ஊரறிந்தது. தங்கையின் அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கே தேட ஆரம்பித்தேன். தமிழில் தட்டினால் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டும் ஒரு செயலி கிடைத்தது. யாரோ ஒருவர் தன் பாட்டுக்கு எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் போட்டு வைத்திருந்தார். இணைய வசதி இல்லாவிட்டாலும் பேசும் என்று குறிப்பு வேறு. அதோடு, ஒவ்வொரு விதமான கம்ப்யூட்டருக்கும் எப்படிப் போட வேண்டும் என்று படிப்படியாக, பொறுமையாக விளக்கியிருந்தார். எனக்கு அந்தப் பொறுமையைப் பார்த்தே மரியாதை வந்துவிட்டது. நானாக இருந்தால் 'தெரிந்தவர்கள் போட்டுக்கொள்ளவும்' என்று ஒரு வரியோடு முடித்திருப்பேன்.

அந்தச் செயலி ஜாவாவில் எழுதப்பட்டது. அதாவது அது தானாக ஓடாது. முதலில் கம்ப்யூட்டரில் ஜாவாவைப் போட வேண்டும். அதற்கு மேல்தான் இது ஓடும். அடுப்பு இருந்தால்தானே சமையல். அடுப்பு வீட்டுக்கு வீடு வேறாக இருக்கலாம், பாத்திரமும் குழம்பும் அதே. ஒரே செயலி, ஒரு எழுத்துகூட மாற்றாமல், லினக்ஸிலும் மேக்கிலும் விண்டோஸிலும் ஓடும் என்பதை இத்தனை வருஷமாகப் படித்திருக்கிறேன், பிறருக்குச் சொல்லியும் இருக்கிறேன். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கு என் தங்கையால்தான் உறைத்தது.

முதலில் நெமிலிச்சேரியில் அவள் வீட்டில். அவள் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசாங்க மடிக்கணினி ஒன்று அங்கே இருந்தது. மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள், கணினி பீரோவுக்கு மேல் ஏறிவிட்டது. தூசி தட்டி இறக்கினேன். அதில் லினக்ஸ். கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை எழுதினால் போதும். அதுவே போய், வேண்டியதை எடுத்து வந்து, அதனதன் இடத்தில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றது. லினக்ஸ்காரர்கள் ஏன் அப்படிப் பீற்றிக்கொள்கிறார்கள் என்று எனக்கு எப்போதுமே எரிச்சல். அன்றைக்குப் பீற்றிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

செயலியை இறக்கி வைக்க ஒரு ஃபோல்டர் வேண்டும் என்றேன். அவளே உருவாக்கினாள். அவள் கொண்டுவந்து வைத்த பக்கோடாத் தட்டில்தான் என் கவனம் இருந்தது. திரையில் ஒரு பெட்டி திறந்தது. "எதாச்சும் எழுது பாப்பா" என்றேன். நாற்பதைத் தாண்டியவளை நான் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். அவள் யோசித்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதி, பொத்தானை அழுத்தினாள்.

"அண்ணா. பக்கோடா. மொத்தத்தையும். நீயே. துன்னாதே."

செய்தி வாசிக்கிற ஆள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசித்த மாதிரி ஓர் ஆண் குரல். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சத்தமில்லாத சிரிப்பு, தோள் இரண்டும் குலுங்கின. நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அவளும் துடைத்துக்கொண்டாள்.

மறுநாளே அவள் டாக்டரம்மாவிடம் போய், இப்படி ஒன்று இருக்கிறது என்று போனில் தட்டிக் காட்டியிருக்கிறாள். டாக்டரம்மா எதையும் கண்ணால் பார்த்துதான் நம்புவார். கண் டாக்டர், வேறு எப்படி இருப்பார். "முதல்ல என் லேப்டாப்ல போட்டுக் காட்டுங்க. நல்லா இருந்தா கவுண்டர் கம்ப்யூட்டர்ல போடலாம். திங்கக்கிழமை காலைல அங்க அது பேசிச்சுன்னா, அவங்களே கவுண்டர்ல உக்காரட்டும். இல்லன்னா நான் வேற ஆள நிரந்தரமா போட்டுடுவேன், கோவிச்சுக்காதீங்க" என்று எனக்குப் போன் செய்து சொன்னார். நியாயமான பேச்சு. கத்திக் கத்தி அந்த நர்ஸும் ஓய்ந்து போயிருந்தாள்.

சனிக்கிழமை மதியம், நோயாளிகள் போன பிறகு, நெமிலிச்சேரியில் போட்ட ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் எடுத்துக்கொண்டு நானும் தங்கையும் போய் நின்றோம். டாக்டரம்மாவுடையது மேக். வெள்ளித் தட்டு மாதிரி பளபளவென்று இருந்தது, தொடவே கூச்சம். மேக்கில் ஜாவா போடுவதற்கு முன்னால் அதற்குள் எந்த மாதிரி 'சிப்' இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பழையதற்கு ஒன்று, புதியதற்கு வேறொன்று. நான் பார்க்காமல் பழையதற்கானதைப் போடப் போனேன். அது ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். சரியானதை இறக்கிப் போட்டேன். அப்புறம் செயலியைத் திறந்தால், இது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, திறக்க மாட்டேன் என்று மறுத்தது. அடுக்குமாடிக் குடியிருப்பு வாட்ச்மேன் மாதிரிதான் அதுவும். வீட்டுக்காரர் சொன்னால்தான் உள்ளே விடும். அமைப்புகளுக்குள் போய், பரவாயில்லை விடு என்று டாக்டரம்மாவைக் கொண்டே சொல்ல வைத்தேன். விட்டது. பேசியது. நெமிலிச்சேரியில் பேசிய அதே மூக்குக் குரல்.

"அட!" என்றார் டாக்டரம்மா. தங்கையைப் பார்த்து, "இன்னொரு தடவை" என்றார். அவள் "பதினாலு, உள்ள வாங்க" என்று எழுதி அழுத்தினாள். டாக்டரம்மா உண்மையிலேயே கைதட்டினார்.

அந்தத் தெம்பில் கவுண்டருக்கு வந்தோம். அங்கே இருந்தது விண்டோஸ். ஆயுதபூஜைக்கு வைத்த குங்குமம் திரையின் நெற்றியில் இன்னும் இருந்தது. விண்டோஸில் ஜாவா போடுவது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அடுத்து, அடுத்து, முடிந்தது. பென்டிரைவில் இருந்த ஃபோல்டரை டி டிரைவில் நகலெடுத்து வைத்தேன். தங்கையிடம், "இங்கதான் உங்கண்ணன் கில்லாடி, பாரு" என்று வாயைக் கொடுத்தேன்.

செயலி ஓடவில்லை.

ஒரு சின்னப் பெட்டி தோன்றி, கோப்பைக் காணோம் என்றது. கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. ஜாவாவை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். அதே. பழைய பதிப்பைப் போட்டேன். அதே. புதிய பதிப்பு. அதே. ஜாவாவின் மேல் சந்தேகப்பட்டு வேறொரு ஜாவா நிரலை ஓட்டிப் பார்த்தேன். அது சமர்த்தாக ஓடியது. ஆக ஜாவா ஒழுங்காக இருக்கிறது. செயலியும் ஒழுங்காகத்தான் இருக்கிறது, இரண்டு இடத்தில் பேசியதே. பிறகு என்ன கேடு? எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மவுஸை மேஜையில் தட்டினேன். தங்கை மவுஸை என் கையிலிருந்து மெதுவாக வாங்கித் துடைத்துத் திரும்ப வைத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, பயம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திங்கட்கிழமை காலையில் மறுபடி அந்த ஃபைல் அறைக்கு அவள் போக வேண்டும், இந்தத் தடவை ஒரேயடியாக.

"இரு, அது இன்னாதான் சொல்லுதுன்னு முழுசா படிக்கிறேன்" என்று, பிழைச் செய்தியை வாய்விட்டுப் படித்தேன். எந்தக் கோப்பைக் காணோம், அது எங்கே இருக்க வேண்டும் என்று அதில் முகவரி இருந்தது. "டி டிரைவ்ல, அப்புறம் ஒரு கேள்விக்குறி, அதுக்குள்ள..."

தங்கை போனில் தட்டி என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். "இன்னா கேள்வி கேக்குது அது?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். நான் எரிந்து விழ வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. ஆமாம், அது என்ன கேள்வி கேட்கிறது? முகவரிக்கு நடுவில் கேள்விக்குறிக்கு என்ன வேலை? அந்த இடத்தில் என்ன ஃபோல்டர் இருக்கிறது என்று திறந்து பார்த்தேன்.

பிள்ளையார் சுழி.

நெமிலிச்சேரியில் ஃபோல்டர் வேண்டும் என்று நான் சொன்னபோது அவள் அதற்கு வைத்த பெயர் அது. 'உ' என்று ஒற்றை எழுத்து. எங்கள் வீட்டில் மளிகைச் சாமான் எழுதினாலும், கல்யாணப் பத்திரிகை எழுதினாலும், கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியைச் சுவரில் எழுதினாலும் தலைப்பில் அது இருக்கும். அதை அன்றைக்கு மட்டும் எத்தனை தடவை சொடுக்கித் திறந்திருப்பேன்! பார்த்தேன், ஆனால் பார்க்கவில்லை. எங்களுக்கு அது எழுத்தே இல்லை. வாசலில் கோலம் மாதிரி, தாண்டித்தான் உள்ளே போவோம், படிக்க மாட்டோம்.

லினக்ஸும் மேக்கும் அதைத் தமிழ் எழுத்தாகவே ஏற்றுக்கொண்டன. இங்கே அந்தச் செயலியைத் துவக்கிவிடுகிற பகுதிக்குத் தமிழ்ப் பெயர் கொண்ட ஃபோல்டர் புரியவில்லை. புரியாத எழுத்துக்குப் பதிலாக ஒரு கேள்விக்குறியைப் போட்டுக்கொண்டு, கேள்விக்குறி என்ற பெயரில் ஒரு ஃபோல்டரைத் தேடிப் போய், காணோம் காணோம் என்று அலைந்திருக்கிறது. பாவம், அதன் மேல் கோபப்படவும் முடியவில்லை. தெரிந்ததை வைத்துக்கொண்டு நேர்மையாகத் தேடியிருக்கிறது.

"புடிச்சிட்டேன் பாப்பா! இந்தப் பேர மாத்திட்டா ஓடிடும்" என்று மவுஸை எடுத்தேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. போனை எடுத்துத் தட்டினாள். "அத்த எடுக்காதண்ணா."

"இன்னா வெளையாடுறியா? திங்கக்கிழமை பேசணுமா வேணாமா உனக்கு?" என்று கத்திவிட்டேன். உள்ளறையில் டாக்டரம்மா நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

அவள் போனைக் கீழே வைத்தாள். தன் வலது உள்ளங்கையை விரித்து எனக்குக் காட்டினாள். அதில் ஒன்றும் இல்லை. ஆனால் என்ன காட்டுகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆபரேஷனுக்குக் கொண்டு போன அன்று அந்தக் கையில் பேனாவால் ஒரு பிள்ளையார் சுழி போட்டுக்கொண்டாள். நர்ஸ் ஸ்பிரிட் வைத்துத் துடைத்தாள். அவள் மறுபடி போட்டாள். நர்ஸ் மறுபடி துடைக்கப் போக, "அதுதான் என் டோக்கன், வுடுமா" என்றாள். என் தங்கை தன் சொந்தக் குரலில் பேசி நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான்.

எனக்குச் சாமி நம்பிக்கை அவ்வளவாகக் கிடையாது. ஆனாலும் கை மவுஸை விட்டுவிட்டது. சுழியையும் எடுக்கக் கூடாது, செயலியும் ஓட வேண்டும். "சரி, அது அங்கயே இருக்கட்டும். வேற எடத்துல ஒரு காப்பி போட்டு ஓட்டிக் காட்டுறேன், அப்பால நீயே சொல்லு" என்றேன். அரைமனதாகத் தலையசைத்தாள். ஆங்கிலத்தில் பெயர் வைத்த வேறொரு ஃபோல்டரில் நகலெடுத்து வைத்து அழுத்தினேன். பெட்டி திறந்தது. மூன்றாவது கம்ப்யூட்டர்!

அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். சுழி போடாமல் ஆரம்பித்த காரியம் அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது என்று முகத்தில் தெரிந்தது. பிறகு சட்டென்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். காலியாக இருந்த பெட்டியில் ஒற்றை எழுத்தைத் தட்டிப் பொத்தானை அழுத்தினாள்.

"உ" என்றது கம்ப்யூட்டர்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். தட்டிக் காட்டினாள். "எழுதலன்னா இன்னா, சொல்லிட்டேன். இப்ப சரியா கீது." அந்தப் பழைய ஃபோல்டரை அவளே நீக்கினாள். இருபது வருஷமாகக் கம்ப்யூட்டர்களைச் சரிசெய்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறவன் நான். இவ்வளவு அழகாக ஒரு சிக்கல் தீர்ந்து நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலையில், கண்ணில் உறுத்தல் என்று பொய் சொல்லி ஒரு டோக்கன் வாங்கிக்கொண்டு, கூடத்தில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரோடு ஒரு ஸ்பீக்கரையும் டாக்டரம்மா சேர்த்துக் கொடுத்திருந்தார். தங்கை பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள், கழுத்துத் துணியும் அதே நிறத்தில். அவள் அலட்டிக்கொள்ளாமல் தட்டினாள்.

"உ" என்று கூடம் முழுக்கக் கேட்டது.

எல்லாரும் நிமிர்ந்தார்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் தன் டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரைம்மா கூப்புடுற? எனுக்கு ஒண்ணாம் நம்பர் போட்டுக்கீது" என்றார். தங்கை சுவரில் இருந்த பிள்ளையார் காலண்டரைக் கையால் காட்டினாள். அவர் திரும்பிப் பார்த்து, "ஓ, அவுரு மொதல்ல போய்ட்டு வரட்டும்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கூடமே சிரித்தது. அடுத்து ஒண்ணாம் நம்பர் என்று மூக்குக் குரல் கூப்பிட்டது, பெரியவர் உள்ளே போனார். பிறகு வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தார்கள். டீக்கடை வரைக்கும் குரல் எட்டவில்லைதான். டீக்கடைக்குப் பழக்கப்பட்டவர்கள் உள்ளேயே உட்காரக் கற்றுக்கொண்டார்கள். டாக்டரம்மா இடையில் ஒருமுறை வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். என் முறை வந்தபோது, "கண்ணுல ஒண்ணும் இல்ல. உங்க தங்கச்சி இனிமே கவுண்டர்லதான்" என்றார்.

இதோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

சில நாள் கழித்து, எஸ்டேட்டில் வேலையாக இருக்கும்போது போன் அடித்தது. திரையில் 'பாப்பா' என்று இருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் எனக்குப் போன் செய்ததே இல்லை. பேச முடியாதவள் எதற்குப் போன் செய்வாள்? செய்திதான் அனுப்புவாள். அவள் போனிலிருந்து வேறு யாரோ கூப்பிடுகிறார்கள், அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. எடுத்துக் காதில் வைத்து "ஹலோ, ஹலோ" என்றேன். தூரத்தில் டொக் டொக் என்று ஏதோ தட்டுகிற சத்தம் மட்டும்.

"உ" என்றது அந்தப் பக்கம்.

பீரோ மேலிருந்து இறக்கிய அந்தப் பழைய மடிக்கணினிக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த ஓர் எழுத்தில் அது அவள்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேறு யார் போனில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுப் பேச்சை ஆரம்பிப்பார்கள்! மறுபடி டொக் டொக்.

"அண்ணா. சாப்ட்டியா."

பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். அந்த யாரோ ஒருவர் எழுதிய செயலிக்கும், அதைத் தாங்குகிற ஜாவாவுக்கும், அந்த மூன்று கம்ப்யூட்டருக்கும், சுவர் ஓரத்தில் நின்று மனதுக்குள்ளேயே கும்பிடு போட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடி தட்டினாள்.

"இன்னாண்ணா. சத்தத்தையே. காணோம். பேசு."